அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்பது குற்றமா?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கடல்மீன் தொட்டிக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் காட்டப்படும் மீன்கள் பண்ணையில் வளர்ந்தவையா, பவளப்பாறையில் பிடித்தவையா என்று அதன் கீழே மரியாதையாகத்தான் கேட்டேன். காணொளியைப் போட்டவர்கள், அடுத்தவர் மகிழ்ச்சி பொறுக்காதவர் என்று என்னைத் திட்டிவிட்டு, என் கருத்தையும் நீக்கிவிட்டார்கள். மனம் புண்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தொட்டிகளில் வளரும் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு முறையில், சோடியம் சயனைடைத் தண்ணீரில் கரைத்து, மீன் ஒளிந்திருக்கும் பவள இடுக்கில் பீய்ச்சுவார்கள். மயங்கிய மீனைக் கையாலேயே அள்ளிவிடலாம். நஞ்சு பட்ட பவளம் வெளுத்துச் சாகும். மீனும் பல நேரம் வாங்கியவர் வீட்டுக்கு வந்து சில நாட்களில் சாகும். அவர் தண்ணீரில்தான் ஏதோ குறை என்று நினைத்து அடுத்த மீனை வாங்குவார். இரு நாடுகளிலும் சட்டம் தடுத்திருந்தும் இது ஒழிந்தபாடில்லை. ஆகவேதான் கேட்கிறேன்: அந்த மீன் எங்கிருந்து, எப்படி வந்தது?

நண்பர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் கிளீனர் ராஸ் மீன் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பவளப்பாறையில் பெரிய மீன்கள் அதன் இடம் தேடி வந்து வாயைத் திறந்து நிற்கும். அது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். தொட்டியிலோ அது இருந்த சில மீன்களையே ஓயாமல் சுற்றிவந்தது, அவை விலகி விலகிப் போயின. அதன் வயிறு உள்வாங்கியிருந்தது. "எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்" என்றார் நண்பர். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைத்திட்டுகளிலிருந்து இந்த மீனை எட்டரை ஆண்டுகள் அகற்றி வைத்து ஆராய்ந்தபோது, அங்கே தங்கி வாழும் மீன்கள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. எடுத்தது ஒரு மீன்தானே என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

"நீங்கள் மீன் சாப்பிடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறேன், அதையும் எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்கத்தான் செய்கிறேன். "கடல் சூடாவதால் அழியும் பவளம் இதைவிட அதிகம்" என்கிறார்கள். உண்மை, ஆனால் நோயாளியின் மேல் இன்னொரு சுமையை ஏற்ற அது காரணமாகாது.

மீனவர்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வியை மட்டும் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. வலையால் அளவாகப் பிடிப்பவருக்குப் பாறை நிலைத்திருந்தால்தான் வருமானம். அவர் அதைக் காப்பார் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய பாங்காய் தீவுகளின் கார்டினல் மீனைப் பாருங்கள். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சுகள் மற்ற மீன்களினுடையவை போல நீரோட்டத்தில் தொலைதூரம் பரவுவதில்லை. அதனால் ஓரிடத்தில் வழித்தெடுத்துவிட்டால் வேறிடத்திலிருந்து அவை வந்து நிரம்புவது மிகக் கடினம். 2007இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. தொட்டிகளுக்காக அதை அப்படி அள்ளியதால் அந்த மீனவருக்கே நாளை பிழைப்பில்லை.

இதைச் சொல்பவரை வெறுப்பைப் பரப்புபவர் என்கிறீர்கள். தொட்டியே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கோமாளி மீனும் இதே பாங்காய் கார்டினலும் பண்ணையில் வளர்ந்தவையாகவே கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். உயிருள்ள பவளத்தை மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களைத் தொட்டியில் பட்டினி போட்டுக் கொல்வதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது. இதற்காக எத்தனை பேர் என்னை நட்பிலிருந்து நீக்கினாலும் சரி.