வரைபடத்தைத் தெருவுக்குக் காட்டிவிட்டு அனுமதி கொடுங்கள்

தியாகராய நகரில் எங்கள் தெரு பெரிய சாலையைச் சேரும் முனையில் நெடுங்காலமாக இருந்த ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், உச்சித் தளங்களில் குடியிருப்புகள் என்று ஓர் உயரமான கட்டடம் எழுப்பப் போகிறார்கள். செய்தித்தாளுக்குள் மடித்து வந்த விற்பனைத் துண்டறிக்கையைப் பார்த்துத்தான் தெருவினர் இதைத் தெரிந்துகொண்டோம். அதற்குள் திட்ட அனுமதியே கிடைத்துவிட்டிருந்தது.

இத்தகைய கட்டடம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்வது நம் கடைத்தெருக்களுக்குப் புதிதன்று. பனகல் பூங்காவுக்கு மெட்ரோ வரும் நிலையில், அதைச் சுற்றி வீடுகள் பெருகுவதே நியாயம்; இங்குள்ள கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு இரவு கடைசி ரயிலில் புறநகருக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தவர் எவரும் இதை மறுக்க மாட்டார். என் கவலையெல்லாம் அனுமதிக்கு முன் நடக்கும் ஆய்வைப் பற்றியது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயரமான கட்டடம். 18 மீட்டர் அகலச் சாலையில் அமைந்தால் அதற்கு 3.25 வரை எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை தளப் பரப்பு கிடைக்கும், கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் மேலும் 50 விழுக்காடு கட்டலாம். பத்து கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், முதற்கணக்கில் 78,000 சதுர அடியும், பிரீமியத்தையும் சேர்த்தால் 1,17,000 சதுர அடியும் எழும்பும். ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் இத்தனை பேருக்கான தண்ணீர், கழிவுநீர், வண்டிகள், சரக்கு இறக்கும் லாரிகள் எல்லாம் வந்து சேரும். இந்தக் கணக்கு முழுவதும் சாலையின் அகலம் என்ற ஒற்றை எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க, ஒரு சனிக்கிழமை மாலை அளவு நாடாவுடன் சாலைக்குப் போனேன். ஆவணத்தில் 18 மீட்டர். ஒரு பக்கம் மின்வாரியப் பெட்டியும் இளநீர் வண்டியும், இரு பக்கமும் குறுக்காக நிறுத்திய இருசக்கர வாகனங்களும் போக, வண்டிகள் ஓடுவதற்கு மீந்திருந்தது ஏறக்குறைய 9 மீட்டர். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்ட இஸ்திரிக்காரர், "தண்ணி லாரி நின்னுச்சுன்னா இதுவும் கெடையாது சார்" என்றார். தீயணைப்புத் துறையும் போக்குவரத்துக் காவலும் தடையின்மைச் சான்று தருவதற்கு முன் அவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு செய்தி அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து, ஒரு நாளைக்கும் மேலாக எரிந்ததை இந்தப் பகுதியினர் எளிதில் மறக்க முடியாது. அதன் பிறகும், கட்டி முடித்த பின் கண்டுபிடிப்பது, அபராதம் விதிப்பது, வரன்முறைப்படுத்துவது என்ற பழக்கத்தையே நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழிசெய்தது. கட்டணம் கட்டினால் கோப்பு முடிந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் விடாத இடம் தீயணைப்பு வண்டிக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. எனவே பிழைகளைப் பிடிக்க வேண்டிய நேரம் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதுதான்.

ஆனால் அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல இடமில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றுவதென்றால் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறார்கள். ஏற்கெனவே வணிகப் பகுதியாக உள்ள இடத்தில் கட்டடம் வருவதென்றால் அந்த வாய்ப்பும் இல்லை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று சொல்லும் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்திருக்கிறது. அனுமதி விவரங்களை மனையின் முன் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி நல்லதுதான். ஆனால் முடிவு எடுத்த பிறகு படிக்கக் கிடைக்கும் பலகையால் யாரும் எதையும் திருத்திவிட முடியாது.

புதிய சட்டம் எதுவும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. உயரமான கட்டடத்துக்கான விண்ணப்பம் வந்ததும், அதன் தள வரைபடத்தையும் வாகன நிறுத்தக் கணக்கையும் அனுமதிக்கு முப்பது நாள் முன்னதாக அந்தப் பகுதி சபையில் வைத்து, எழுத்தில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்திலேயே பதில் தரலாம். கட்டுநருக்கு இதனால் தாமதம் ஆகும் என்பார்கள். துறைகளின் ஆய்வு நடக்கும் அதே நாட்களில் இதையும் நடத்தினால் ஒரு நாள்கூட அதிகமாகாது.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். சாலையை அளந்த கணக்கையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். நம் தெருவினரில் கையெழுத்திட விரும்புகிறவர்கள் இந்த வாரத்துக்குள் தெரிவித்தால் வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.