கத்தத் தெரிந்த யூபிஎஸ்ஸுக்குக் காக்கத் தெரியாது

கரண்ட் போன நொடியே கம்பியூட்டரும் போகுமென்றால், கரண்ட் போனதும் பற்றரியில் கம்பியூட்டரை ஓட்டவேண்டிய இந்த யூபிஎஸ் பெட்டிப் பாரத்தை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் எதற்குக் கட்டி அழ வேண்டும்?

வெள்ளவத்தையில் மழை இருட்டிக்கொண்டு வந்தாலே இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறவள் நான். லைட் ஒருதரம் சிமிட்டும். பெட்டிக்குள்ளே பற்றரிக்கு மாற்றிவிடுகிற சுவிட்ச், அதுதான் ரிலே, 'டிக்' என்று விழும். யூபிஎஸ் நீளமாக ஒரு அலறல் போடும், திரை கறுப்பாகிவிடும். சேமிக்காத வேலை முழுக்கக் கோவிந்தா. பத்து நிமிடம் தாங்கும் என்று விற்ற சாமான் பத்து விநாடிகூடத் தாங்குவதில்லை.

சரி, காட்டுவோம் என்று பம்பலப்பிட்டியில் வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நடந்த சோதனையைக் கேளுங்கள். கடைத் தம்பி 9 வாட் எல்இடி பல்ப் ஒன்றைப் பின்னால் கொளுவினார், சுவர் பிளக்கை இழுத்தார், பல்ப் எரிந்தது. பிறகு மூடியைக் கழற்றி மீற்றரை வைத்தார். "12.8 வோல்ட் காட்டுது அக்கா, பற்றரி திறம். உங்கட பிசியிலதான் பிழை." நான் விடாமல் கேட்டதும், "வீட்டில அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன், விளங்கப்படுத்துறன்" என்கிறார். அண்ணைக்கு பல்ப் மாற்றவே தெரியாது, அது வேறு கதை.

ஒன்றும் மின்சாரம் இழுக்காமல், அதாவது லோட் இல்லாமல் அளந்தால் சாகக் கிடக்கிற பற்றரியும் 12.8 காட்டும் தம்பி! என் கம்பியூட்டரும் மொனிற்றரும் சேர்ந்து 200 வாட்டாவது கேட்கும். அதை 12 வோல்ட் பற்றரியிலிருந்து எடுக்க 17 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். உங்கள் பல்ப் குடிப்பது கொசு குடிக்கிற அளவு. அவ்வளவு இழுத்ததும் பலவீனமான பற்றரியின் வோல்ட் மளமளவென்று இறங்கும், யூபிஎஸ் தானாகவே அணைந்துவிடும். கடையில் ஒரு பழைய பிசியைக் கொளுவிப் பார்க்க எத்தனை நேரம் பிடிக்கும்? சுற்றிவரப் பிசிகளைத்தானே அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

பெட்டியில் 650 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று முட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது உண்மையில் கொடுக்கக்கூடியது 360 வாட்தான் என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் வாரண்டி. யூபிஎஸ்ஸுக்கு இரண்டு வருடமாம், பற்றரிக்கு ஆறு மாதமாம். அதற்குள் பழுதாகப் போவதே அந்தப் பற்றரிதான்! ஈய அமிலப் பற்றரிக்கு 25 பாகைச் சூடு நல்லது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கொழும்பில் ஏசி இல்லாத அறையில், மேசைக்கடியில், அது எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்? இதை நாங்கள் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தோமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய ஊர் இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. பற்றரி எப்படிச் சாகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விற்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

பற்றரியை மட்டும் மாற்றித் தரக் கேட்டால், "அதைவிடப் புதுசு எடுக்கிறது லாபம் அக்கா." நானே மாற்றலாமென்றால் திருகாணிக்கு மேலே ஸ்டிக்கர், கிழித்தால் மிச்ச வாரண்டியும் இல்லை. உள்ளே கிடப்பது 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பற்றரி, இரண்டே இரண்டு வயர். திருடன் அலாரப் பெட்டிக்குள்ளும் இதே சாமான்தான். புறக்கோட்டையில் அலாரச் சாமான் விற்கும் ஐயா ஒருவர், நான் வாய் திறக்க முன்னமே பற்றரியைத் திருப்பி அதில் குத்தியிருந்த திகதியைக் காட்டினார். ராக்கையில் சும்மா கிடந்தாலும் இது பழுதாகும், அதனால் திகதி பார்த்து வாங்கச் சொன்னார். அண்ணையை அவர் கேட்கவில்லை.

ஸ்டிக்கரைக் கிழித்தேன், மாற்றினேன். இப்போது கரண்ட் போனாலும் கம்பியூட்டர் அணையாமல் ஓடுகிறது. பம்பலப்பிட்டித் தம்பி, அந்த மிச்ச வாரண்டியை நீரே வைத்துக்கொள்ளும்.