கல்யாணத்துக்குப் போனால் மாட்டை யார் கறப்பது?

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். பெங்களூரில் நல்ல வேலை. "ஊருக்கே வந்து பத்து மாடு, அம்பது ஆடு வாங்கி விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறேன், என்ன சொல்றே?" என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு எக்செல் ஷீட். தீவனம், கொட்டகை, காப்பீடு, வங்கி வட்டி எல்லாம் பைசா சுத்தமாகப் போட்டிருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். "உன் மச்சினன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போகணும்னா யாரு கறப்பாங்க?"

பதிலுக்குச் சிரிப்பு பொம்மை வந்தது. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். ஜெர்சிக் கலப்பு இரண்டு, காங்கேயம் பசு ஒன்று, ஒரு கெடேரி, இருபது சொச்சம் செம்மறி. இதைப் பண்ணை என்று சொன்னால் அம்மா சிரிப்பாள். காலை ஐந்தரைக்கு ஒரு கறவை, மதியம் மூன்றுக்கு ஒரு கறவை. தீபாவளியானாலும் எழவானாலும் மடி அது பாட்டுக்குச் சுரக்கும். ஒரு வேளை தவறினால் மடி கல்லு மாதிரி ஆகிவிடும். அப்புறம் மடிநோய், அப்புறம் ஊசி. ஊசி போட்டால் சில நாளைக்குக் கறக்கிற பாலைச் சொசைட்டியில் ஊற்றவும் கூடாது. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 2022 நவம்பரில் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் 38 ஆனது. புண்ணாக்கு விலை எங்கே போய் நிற்கிறது என்பதை விடுங்கள், அதைப் பற்றி ஏற்கெனவே ஊரே புலம்பியாகிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் மாட்டை விற்றவர்களில் பலர் விலை கட்டவில்லை என்று விற்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் விற்றார்கள். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, சொன்னால் சோம்பேறி என்பார்கள்.

என் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்குப் போனால் காலைக் கறவையை முடித்துவிட்டு பஸ் ஏறுவாள். மலை ஏறி, சாமி கும்பிட்டு, இறங்கி, மதியக் கறவைக்கு வீட்டில் இருப்பாள். பஞ்சாமிர்த டப்பாவைத் திண்ணையில் வைத்த கையோடு பால் செம்பை எடுப்பாள். தங்கிச் சாமி கும்பிட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை உண்டு. கடைசியாக அவள் வெளியூரில் ராத்தங்கியது என் அக்கா பிரசவத்துக்கு. அந்தப் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான்.

அதனால் மூன்று வருடம் முன்பு கோயமுத்தூரில் சித்தப்பா மகள் கல்யாணம் வந்தபோது, இந்தத் தடவை போயே தீருவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மேக்காலத் தோட்டத்து அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றார். மதியம் மூன்றரைக்கு மண்டபத்தில் இருக்கும்போது போன் வந்தது. செவலைப் பசு காலைத் தூக்குகிறது, சுரப்பே விட மாட்டேன் என்கிறது, கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தும் ஆகவில்லை. அம்மா பந்தியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "கொடியில என்ர சட்டை தொங்குது பாரு. அதைப் போட்டுக்கிட்டுப் போயி, 'பாப்பா'ன்னு கூப்புட்டுக்கிட்டே உக்காரு கண்ணு."

எங்கள் பக்கம் தோட்ட வேலை செய்கிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவார்கள். அம்மா போடுவது அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. சாணி, தவுடு, பால், வேர்வை எல்லாம் ஊறின சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அக்கா போனார். செவலை ஒரு தடவை தோளை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுரப்பு விட்டுவிட்டதாம். இரண்டு லிட்டர் குறைவாகத்தான் கறந்தது, ஆனால் கறந்தது. அடுத்த வருடம் அந்த அக்கா வீட்டுக்காரர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்கள் எருமையை நாங்கள் கறந்தோம். இதற்கெல்லாம் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் யாருக்கும் மறப்பதும் இல்லை.

உடனே கிராமம் என்றால் தேனும் பாலும் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்காலத் தோட்டத்துக்காரருக்கும் எங்களுக்கும் ஒரு வரப்பு விஷயத்தில் ஐந்து மாதம் பேச்சு இல்லை. அந்த நேரம் பார்த்து ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் கறுப்பி கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வர வேண்டும். வந்தது ஒரு கால்தான். கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962 என்ற நம்பருக்குப் போன் போட்டுவிட்டு நின்றிருந்தோம். நாய் குரைப்பும் டார்ச் வெளிச்சமும் கேட்டோ பார்த்தோ, அவரே வேலி தாண்டி வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, மாடு முக்காத நேரமாகப் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளி, மடங்கியிருந்த காலை நிமிர்த்தி எடுத்தார். கன்று விழுந்ததும் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்துவிட்டு, தாழியில் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

கன்று குடித்தது போக மிச்சமிருந்த சீம்பாலைக் காய்ச்சி, மறுநாள் ஒரு தூக்குப்போசியில் அவர் வீட்டுக்கு அனுப்பினோம். தூக்குப்போசி திரும்பி வந்தபோது உள்ளே நாலு முட்டை இருந்தது. எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வரப்பு இன்னும் அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது, பேச்சு மட்டும் திரும்பி வந்தது.

பகலில் ஆள் வேண்டாம் என்பதற்குத்தான் எங்கள் முன்னோர் கொரங்காடு வைத்திருந்தார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், அது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே மூன்று நான்கு பிரிவு. ஒரு பிரிவில் புல் குறைந்தால் அடுத்ததற்கு மாற்றுவார்கள். காலையில் ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால் பொழுது சாயும்வரை திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், ஆடு பொறுக்கிக்கொள்ளும். அந்தக் காலத்து ஜமீன் குடும்பமான பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேர் வாங்கிக்கொடுத்த காங்கேயம் மாடுகள் வளர்ந்ததெல்லாம் இப்படிக் கிளுவை வேலிக்குள்தான். இப்போது எங்கள் ரோட்டில் இரண்டு கொரங்காடு சைட் ஆகிவிட்டது. கிளுவையை ஜேசிபி வைத்துப் பிடுங்க அரை நாள் கூட ஆகவில்லை.

மிச்சமிருக்கும் வேலியையும் நம்ப முடியவில்லை. தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டிக்குள் புகுந்து குதறிவிட்டுப் போகின்றன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2025-இல் அரசு இழப்பீடு அறிவித்தது, சந்தோஷம். எங்களுக்கு ஐந்து உருப்படி போனது. பணத்தை விடுங்கள், அதற்கப்புறம் அப்பா கட்டிலைப் பட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, பனியில். அவரும் இனி எந்த ஊருக்கும் போக முடியாது.

பின்லாந்தில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வருடத்துக்கு 26 நாள் விடுமுறை உண்டு. அந்த நாட்களில் கறக்கவும் தீவனம் போடவும் மாற்று ஆள் வந்துவிடுவார். செலவு அரசாங்கத்துடையது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் இரண்டு பேரைப் பழக்கி வைத்து, கூலியைப் பால் பணத்தில் பிடித்துக்கொண்டால் கூடப் போதும், மாட்டை விற்க நினைப்பவர்களில் சிலராவது யோசிப்பார்கள். லோன் கொடுக்கிறார்கள், மானியம் கொடுக்கிறார்கள், இதை யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. புது ஆளுக்கு மாடு சுரப்பு விடாது என்பீர்கள். அதற்குத்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும் என்கிறேன்.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதவில்லை. மாடு வாங்குவதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார், யாரும் இல்லையென்றால் அந்த இடத்தை வாங்காதே என்று மட்டும் சொன்னேன். அந்த ஷீட்டில் அதற்கு எந்தக் கட்டம் என்று கேட்கிறார்.

அடுத்த மாதம் மேக்காலத் தோட்டத்து அக்காவின் பேத்திக்குக் கரூரில் காது குத்து. இரண்டு நாள். எருமையை நான்தான் கறக்க வேண்டும். போன தடவை கறந்தது அம்மா, என்னைக் கண்டால் அதற்கு ஆகாது. இப்போதிருந்தே தினமும் போய்ச் சோளத்தட்டுப் போட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லி நேற்று அக்கா தன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தோள்பட்டையில் கொஞ்சம் பிடிக்கிறது.