மெக்சிகோ பத்தியக் கறி

(நுவரெலியா. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். மகள் டியூஷன் கொடுக்கப் போய்விட்டாள். கட்டார் ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கும் மருமகன் அடுப்படியைக் கைப்பற்றியிருக்கிறார். மாமியார் வாசற்படியில், வெற்றிலைப் பெட்டியோடு. அங்கே உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் அங்கிருந்துதான் அடுப்பு முழுதாகத் தெரியும்.)

மாமியார்: என்ன மாப்பிள்ளை, மிளகாயைக் கீறி விதையை எல்லாம் கொட்டுகிறீர்கள்? காசு கொடுத்து வாங்கியதுதானே?

மருமகன்: இது மெக்சிகோ செத்தல், அத்தை. நீளமானது குவாஹியோ, கறுப்பாக அகலமாக இருப்பது ஆஞ்சோ. விதையை எடுத்து, வெறும் சட்டியில் வாட்டி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு அரைக்க வேண்டும்.

மாமியார்: நன்றாகக் கறுக்க வறுங்கள், அப்போதுதான் வாசம் வரும்.

மருமகன்: ஐயோ, கருகினால் குழம்பே கசக்கும். அரை நிமிஷம் போதும்.

மாமியார்: என்னவோ பெயர் சொன்னீர்களே, பிரியாணியா?

மருமகன்: பிர்ரியா. ஹலிஸ்கோ மாநிலத்துச் சமையல். அங்கே ஆட்டிறைச்சியில்தான் செய்வார்கள். திஹுவானாப் பக்கம் போனதும் மாட்டிறைச்சியாகிவிட்டது.

மாமியார்: ஆட்டு விலை அங்கேயும் ஏறிவிட்டதா, பாவம்.

மருமகன்: தக்காளி, பூண்டு, சீரகம், கராம்பு, கொஞ்சம் வினாகிரி. அப்புறம் கறுவா.

மாமியார்: கறுவா நம்முடையதல்லவா?

மருமகன்: நம்முடையதேதான். இலங்கைக் கறுவாவை அதிகமாக வாங்குகிறவர்களே மெக்சிகோக்காரர்கள்தான். பதிலுக்கு மிளகாய் அவர்கள் ஊர்ச் சரக்கு. 1505இல் போர்த்துக்கேயர் வந்து இறங்கும்வரை இங்கே மிளகாயே கிடையாது.

மாமியார்: மிளகாய் இல்லாமல் சம்பல் எப்படி இடித்தார்களாம்? சும்மா கதை விடாதீர்கள். தேங்காய்ப்பால் எப்போது விடுவீர்கள்?

மருமகன்: விடுவதில்லை.

மாமியார்: (மெல்லுவதை நிறுத்தி) கடைசியில் ஒரு கரண்டிகூடவா?

மருமகன்: ஒரு சொட்டுகூட.

மாமியார்: மாதாவே! எதோடு சாப்பிடுவது?

மருமகன்: சோள ரொட்டியோடு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைத்துத் தட்டுவார்கள்.

மாமியார்: சுண்ணாம்பா? (வெற்றிலைப் பெட்டியை நீட்டுகிறார்) இப்போதுதான் அந்த ஆட்கள்மேல் ஒரு மரியாதை வருகிறது.

மருமகன்: ராத்திரி முழுக்க ஊற வேண்டும், அத்தை. இன்றைக்கு நம் கோதுமை ரொட்டிதான்.

(ஒரு மணி நேரம் போகிறது. ஜன்னலில் பனிமூட்டம், உள்ளே புகைமூட்டம்.)

மாமியார்: இறைச்சி இன்னும் செருப்பு மாதிரிக் கிடக்கிறதே.

மருமகன்: நம் ஊர் உயரம் அப்படி. கொழும்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நாம் இருப்பது 1,868 மீட்டர் உயரத்தில். இங்கே 94க்குக் கிட்டவே கொதித்துவிடும். சூடு குறைவு, அதனால் வேகவும் நேரம் பிடிக்கும்.

மாமியார்: டிகிரி பார்த்தா நான் இவ்வளவு காலம் இறைச்சி வேகவைத்தேன்? பிரஷர் குக்கர் மேல்தட்டில் இருக்கிறது, எடுங்கள்.

(எடுக்கிறார். விசில்கள். பிறகு மூடி திறக்கிறது.)

மாமியார்: நிறத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. (நக்கிப் பார்த்து) மாப்பிள்ளை, இது பத்தியக் கறி. பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கலாம்.

மருமகன்: இந்த இரண்டு மிளகாயும் நிறத்துக்கும் மணத்துக்கும்தான். ஆஞ்சோவின் உறைப்பு ஸ்கோவில் கணக்கில் 1,000, 1,500. உங்கள் கொச்சிக்காய் 50,000ஐத் தாண்டும். உறைப்பு வேண்டுமென்றால் ஆர்போல் என்று ஒல்லி மிளகாய் ஒன்று சேர்ப்பார்கள். அது கிடைக்கவில்லை.

மாமியார்: 50,000 வீட்டிலேயே இருக்கும்போது எதற்குத் தேடினீர்கள்? எவ்வளவு போட?

மருமகன்: இரண்டு.

மாமியார்: இரண்டு பிடியா?

மருமகன்: இரண்டு காய், அத்தை!

(ஞாயிற்றுச் சந்தையில்கூட இப்படிப் பேரம் நடக்காது. ஏழில் முடிகிறது. வெங்காயமும் கொத்தமல்லி இலையும் தூவி, தேசிக்காய் பிழிந்து, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயில் ரொட்டியைத் தோய்க்கிறார்கள். கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.)

மாமியார்: ம்... இப்போது பரவாயில்லை. தேங்காய்ப்பால் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மருமகன்: (கண்ணைத் துடைத்தபடி) அடுத்த தடவை பார்ப்போம்.

மாமியார்: அது கிடக்கட்டும். வாட்ட ஒரு சட்டி, ஊற ஒன்று, அரைக்க, வடிக்க, வேக... மெக்சிகோவில் இத்தனையையும் யார் கழுவுவார்கள்?

மருமகன்: குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்குமே, அத்தை.

மாமியார்: அதுதான் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டேன். 94 வந்ததும் சொல்கிறேன்.