பரீட்சை ஹாலுக்கு வராதவர்கள்

"எங்க ஸ்கூல்ல 90 சதவீதம் பாஸ்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "எத்தனை பேர்ல?" என்று கேட்டுத் தொலைக்கிறேன். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். இந்தக் கெட்ட பழக்கம் எனக்குக் கனடாவில், மனிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக் வந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

இங்கே மனிடோபா பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கொள்கை மையம் ஒன்று இருக்கிறது. நோரலூ ரூஸ், லெஸ்லி ரூஸ் தம்பதி 1991-இல் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தேர்வை இவர்கள் ஆராய்ந்தபோது ஒரு வேலை செய்தார்கள். தேர்வு எழுதியவர்களை மட்டும் பார்த்தால் பணக்காரப் பகுதிப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கும் இடையே வித்தியாசம் இருந்தது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. சரி என்று கோப்பை மூடிவிடவில்லை. குறிப்பிட்ட ஆண்டில் பிறந்து, இந்நேரம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய அத்தனை பேரையும் கணக்கில் சேர்த்தார்கள். கீழ் வகுப்பிலேயே தங்கிப்போனவர்கள், படிப்பை விட்டவர்கள், எல்லோரையும். அப்போது அந்த இடைவெளி பல மடங்கு பெரிதானது. ஏழைப் பிள்ளைகள் தேர்வில் தோற்றதைவிட, தேர்வு ஹாலுக்கே வந்து சேராததுதான் பெரிய கதை.

பள்ளிக்கூடப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வராத பிள்ளை அதில் இருக்காது அல்லவா? ஆனால் இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதாரத் துறை 9 இலக்க எண் ஒன்று தருகிறது. ரொம்ப வருஷமாக அந்த எண் ஊதா நிறக் காகித அட்டையில்தான் இருந்தது, குடும்பத்தில் எல்லோர் பெயரும் ஒரே அட்டையில். மழையில் நனைந்து என் அட்டை கூழாகியிருக்கிறது. அந்த எண்தான் இந்த ஆராய்ச்சிக்கு அச்சாணி. பள்ளித் துறை பெயர் விவரத்தைச் சுகாதாரத் துறைக்கும், மதிப்பெண்ணை மையத்துக்கும் தனித்தனியாக அனுப்பும். எண்ணை உருமாற்றிய பிறகுதான் மையத்துக்குப் போகும். யாருடைய மதிப்பெண், யாருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு என்பது அங்கே தெரியாது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பது மட்டும் தெரியும்.

என் கட்சி இதுதான்: அரசாங்கம் விளம்பரத்தோடு தொடங்கும் பரிசோதனைகளைவிட, யாரும் திரும்பிப் பார்க்காத இந்தக் குமாஸ்தா வேலைக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

டாஃபின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். வின்னிபெக்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள சின்ன ஊர். 1970-களில் 'மின்கம்' என்று ஒரு திட்டம். வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அரசு பணம் கொடுத்துத் தூக்கிவிடும். செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். 1979-இல், இறுதி அறிக்கைகூட எழுதாமல் மூட்டை கட்டினார்கள். சேகரித்த தாள்களெல்லாம் சுமார் 1,800 பெட்டிகளில் கிடங்குக்குப் போயின.

பல வருடம் கழித்து அந்தப் பெட்டிகளைத் தேடிப் போனவர் பொருளாதார அறிஞர் எவலின் ஃபோர்ஜே. (எழுத்தைப் பார்த்தால் 'ஃபர்கெட்' என்று படிக்கத் தோன்றும். மறந்துபோன பெட்டிகளுக்குப் பொருத்தமான பெயர்!) வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பதில் கிடைத்தது பெட்டிகளில் இல்லை, சுகாதாரக் காப்பீட்டின் பழைய பதிவுகளில். டாக்டர் ஃபீஸ் கொடுப்பதற்காக எழுதி வைத்த பதிவுகள் அவை, ஆராய்ச்சி என்ற நினைப்பே இல்லாமல். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட மக்களைவிட டாஃபின்வாசிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது 8.5 சதவீதம் குறைந்திருந்தது, முக்கியமாக விபத்துக் காயங்களும் மனநலக் கோளாறுகளும். பதினொன்றாம் வகுப்போடு நிற்காமல் பன்னிரண்டுக்குப் போன பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். 2011-இல் கட்டுரை வந்தது. திட்டம் முடிந்து 32 வருடம்!

அந்த 8.5-ஐ இப்போது கோஷமாக்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அது ஒரே ஒரு ஊர். ஊரில் எல்லோருக்கும் பணம் போகவும் இல்லை. ஃபோர்ஜே அடக்கத்தோடு எழுதியதை மேடையில் கத்துகிறவர்கள் படித்தார்களா என்பது சந்தேகம்.

எனக்குப் பிடித்தது இதைவிடச் சின்னதான ஒரு ஆய்வு. 2001 முதல் மனிடோபா அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு மாதம் அதிகபட்சம் 81 டாலர் 41 சென்ட் கொடுத்தது. என்ன வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. பணம் வாங்கிய தாய்மாரையும் வாங்காத ஏழைத் தாய்மாரையும் மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. வாங்கியவர்களிடம் எடை குறைந்த குழந்தைகளும் குறைப்பிரசவங்களும் குறைவு, தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்கள் அதிகம். ஒரு வாரத்துக்கே போதாத மளிகைக் காசு!

"பெயர் இல்லாவிட்டாலும் என் விவரம்தானே, என்னைக் கேட்டார்களா?" என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். நியாயமான கேள்வி. பூர்வகுடி மக்கள் இதை எப்போதோ கேட்டுவிட்டார்கள். எங்கள் தகவல் எங்களுக்குச் சொந்தம், எங்கள் கையை மீறி யாரும் எடுக்கக் கூடாது என்றார்கள். பல தலைமுறையாக இவர்களை அளந்து அளந்து எழுதியவர்கள் பட்ட கடனை அடைத்ததில்லை. அதனால் 2019-இல் வந்த மையத்தின் அறிக்கை அவர்களுடைய சுகாதார அமைப்போடு சேர்ந்து செய்தது. மனிடோபாவில் பூர்வகுடிக் குழந்தையின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட 11 ஆண்டு குறைவு என்று அதில் இருந்தது. 2002-இல் இதே மாதிரிக் கணக்கு எடுத்தபோது இடைவெளி இதைவிடச் சிறிது.

நடுவில் 17 வருடம். ஊதா அட்டைகளும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் ஒரு நாள் விடாமல் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன.