சப் மீட்டர் வீட்டில் மிச்சம் பிடிக்கிற லட்சணம்

கரண்டை மிச்சம் பிடித்தால் காசு மிச்சம் என்று இனி யாராவது என்னிடம் சொல்லிப் பாருங்கள். நேற்று ராத்திரி, தட்டில் சோறு போட்டு உட்காரும் நேரம், வாசலில் வீட்டு ஓனர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அந்த நீள நோட்டு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

என் போர்ஷன் இழுக்கிற கரண்டை மட்டும் தனியாகக் காட்டும் சப் மீட்டர் முன்னால் நின்று கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். போன ரீடிங்கைத் தேடிப் பக்கம் புரட்டினார். பால் கணக்கு வந்தது, சீட்டுக் கணக்கு வந்தது, யாருக்கோ வைத்த மொய் வந்தது, கடைசியில் நான் வந்தேன். கழித்தார். நம்பிக்கை இல்லாமல் விரல் விட்டு மறுபடி கழித்தார். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். "பரவாயில்லையே தம்பி, நல்லா மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றவர், அதே மூச்சில் "ஒன்பதால பெருக்குங்க" என்றார். என் போனில் நானே பெருக்க வேண்டும். 1,620 ரூபாய்.

ஏன் சார், நான் எதற்கு ஃபேன் மாற்றினேன்? 75 வாட் இழுத்ததைக் கழற்றிவிட்டு, 30 வாட் சொச்சத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனைக் கைக்காசு போட்டு மாட்டினேன். செட்டாப் பாக்ஸைக்கூட சுவிட்சிலேயே அணைக்கிறேன். கசங்கின சட்டையோடு ஆபீஸ் போகிறேன். ஈ.பி. கொடுக்கிற தனி மீட்டராக இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மிச்ச 80க்கு 2.35 வீதம் 188 ரூபாய். கதை முடிந்தது.

கேட்டே விட்டேன். "அந்த நூறு என் பேர்ல இருக்கிற கனெக்‌ஷனுக்கு தம்பி. உங்க யூனிட்டும் சேர்றதாலதான் 500 தாண்டி எனக்கு ஸ்லாப் ஏறுது, யூனிட் ரேட்டும் ஏறுது." என் 180தான் ஏற்றுகிறதாம்! கீழே பகலெல்லாம் ஓடுகிற இரண்டு ஏ.சி.யும் வேண்டுதலில் ஓடுகின்றன போல. தனி மீட்டர் வாங்கித் தாருங்கள் என்றால் "பார்க்கலாம்." குடிவந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இது போக காமன் கரண்ட் 300 ரூபாய். அதாவது மோட்டார். டேங்க் நிரம்பி மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். நான் மேலிருந்து கத்துவேன். கீழே சீரியல். விளம்பரம் போட்டால்தான் மோட்டார் நிற்கும். அதற்கும் நான் பங்கு தர வேண்டும்.

கொடுத்துத் தொலைத்தேன். பணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டுப் போகிற போக்கில் சொல்கிறார்: "கிச்சன் லைட் சும்மா எரியுது பாருங்க தம்பி."

கோபம் எல்லாம் போய் சிரிப்புதான் வந்தது. ஆனால் பாதிப் படி இறங்கியவர் திரும்பி, "அப்புறம், நேத்து கருவாடு வறுத்தீங்களாமே, வீட்டுல சொன்னாங்க" என்றாரே, அதுதான் இன்னும் செரிக்கவில்லை. நெத்திலி சார் அது. ஒரு கைப்பிடி. அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வறுத்தேன்!