நுரையை மாற்றினால் மட்டும் போதாது

தீயணைப்பு வண்டிகளில் ஃபுளோரின் இல்லாத நுரைக்கு மாறினாலே நிலத்தடி நீர் தப்பித்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதி வேலைதான். பழைய நுரைக் கரைசலில் இருந்த, ஃபுளோரின் கொண்ட, எளிதில் சிதையாத பிஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் தொட்டிச் சுவரிலும் குழாய்களிலும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினால் போகாது. புது நுரையை ஊற்றிய பிறகு அதில் மெல்லக் கரைந்து வரும். வெந்நீரில் பல முறை அலச வேண்டும். வால்வு, வடிகால் மூலை, நீர் தேங்கி நிற்கும் முட்டுக் குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையங்களையும் ஹோஸையும் மாற்றிவிடுவதே நல்லது. அலசிய நீரைச் சாக்கடையில் விட்டால் அத்தனையும் வீண்! தனியாகப் பிடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று: புது நுரைக் கரைசல் பெரும்பாலும் பழையதைவிடக் கெட்டியானது, மெதுவாகத்தான் ஓடும். 3% வகை என்றால் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் சேர வேண்டும். கரைசலைத் தண்ணீரோடு சரியான அளவில் கலக்கும் பழைய கலப்பான் அதை இழுக்கத் திணறிக் குறைவாகவே எடுக்கும், நுரை நிற்காது. ஒளி விலகலை வைத்துச் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் கலவையை அளந்து, கலப்பானைச் சரிசெய்த பிறகே வண்டியைப் பணிக்கு விட வேண்டும். ஹோஸ் பிடிக்கும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும்.